காயமுற்ற பூனையும் நாமும்

வீதியில் அடிபட்ட பூனையொன்று நம் வீட்டு விறாந்தையிற் புகலடைந்தால் நாம் செய்யத்தக்கது யாது? வேதனையுற்ற பிராணி அன்புடையாரையும் கடிக்கும். ஆதலால் தடித்த துவாயாற் போர்த்துத் தூக்கிப் பெட்டியிலிட்டு, அரவமற்ற மூலையில் வைத்தல் நன்று. இரத்தம் பெருகினால் தூய துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சிறு புண்ணை, அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பிட்டுக் கழுவலாம். டெற்றோல் ஆகாது; பூனை அதனை நக்கிவிடும், அது அதற்கு நஞ்சு.

நோவுக்கு நாம் விழுங்கும் பனடோலை இரக்கத்தாற் கொடுப்பாரும் உளர். அதிலுள்ள பரசிற்றமோலை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அதனால் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் வலுவை இழக்கும். ஒரு மாத்திரையே உயிரைப் போக்கவல்லது. நோவு தணிக்கும் மருந்தை மிருக வைத்தியரிடமே பெறுதல் வேண்டும்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. நீர்வெறுப்பு நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் தப்புதல் மிக அரிது. தடுப்பூசியோ உரிய வேளையில் காக்கும். ஏச்சுக்கு அஞ்சிப் பிள்ளைகள் கடியை மறைப்பதுண்டு. அவ்வச்சத்தை முன்னரே நீக்கி வைப்பது பெற்றோர் கடன்.