மாற்றியமைத்த பிக்கப் வண்டி விற்பனை

முன்னால் கார் போன்ற அறையும் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட வண்டியைப் பிக்கப் என்கிறோம். தொழிற்சாலை கொடுத்ததைவிடக் கூடுதல் வேகம், இழுவை, உயரம் வேண்டுமென்று உரிமையாளர் பட்டறையில் மாற்றியமைத்த பிக்கப் வண்டியை விற்பது, சாதாரணக் காரை விற்பதைவிடச் சிக்கலானது. வாங்குபவர் பார்ப்பது வண்டியை. சட்டம் பார்ப்பது பதிவுச் சான்றிதழை. இரண்டுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறதோ அவ்வளவுக்கு விற்பவரின் பொறுப்பும் கூடுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தையும் மாமல்லபுரம் கடற்கரையையும் மனத்தில் வைத்து இந்தக் கட்டுரை அந்த விற்பனையை விளக்குகிறது.

வேகமான பிக்கப் என்பது பட்டறையில் மட்டும் பிறப்பதல்ல. அமெரிக்காவில் 1991இல் வந்த ஜிஎம்சி சைக்ளோன், 4.3 லிட்டர் டர்போ என்ஜினில் 280 குதிரைத்திறன் தந்தது. அந்த ஆண்டு செய்யப்பட்டவை 2,995 வண்டிகளே. டாட்ஜ் நிறுவனம் தன் வைப்பர் விளையாட்டுக் காரின் 8.3 லிட்டர், 10 சிலிண்டர் என்ஜினை ராம் பிக்கப்பில் பொருத்தியது. அந்த வண்டி 2004இல் மணிக்கு சுமார் 248 கி.மீ. வேகத்தைத் தொட்டது. இவற்றைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். வேகம் அதற்கு ஒரு காரணம் மட்டுமே. அந்த என்ஜினும் அந்த சேசிஸும் தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்தவை. தாளும் வண்டியும் ஒத்துப்போகின்றன.

இந்தியாவில் அப்படிப்பட்ட பிக்கப் எதுவும் கடையில் கிடைப்பதில்லை. டாடா ஜெனான், மஹிந்திரா ஸ்கார்ப்பியோ கெட்டவே ஆகியவற்றுக்குப் பின், சொந்தப் பயன்பாட்டுக்கான பிக்கப் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது 2016இல் வந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் அது தயாராகிறது. முதலில் வந்த 2.5 லிட்டர் டீசல் என்ஜினின் திறன் 134 குதிரைத்திறன். 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது, அதன் 2.8 லிட்டர் டீசல் என்ஜின் 204 குதிரைத்திறன் கொண்டது. இவை போதாது என்று நினைப்பவர்கள்தான் பட்டறைக்குப் போகிறார்கள். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை மறுநிரல் செய்வது, சஸ்பென்ஷனை உயர்த்துவது, பெரிய டயர் போடுவது, இரும்பு பம்பரும் வின்ச்சும் பொருத்துவது, சைலன்ஸரை மாற்றுவது என்று வேலை நீளும்.

செங்கல்பட்டு மாவட்டம் வண்டித் தொழிலில் ஊறியது. மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை 1990களிலிருந்து இருக்கிறது. மஹிந்திரா சிட்டியில் மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வண்டியைப் பிரித்துக் கோக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஓட்டிப் பார்க்கப் பாலாற்று மணலும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் பக்கத்திலேயே உள்ளன.

சட்டம் அனுமதிப்பதும் அனுமதிக்காததும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு நேரடியானது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. வேறு எரிபொருளுக்கு மாற்றுவது, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப அமைப்பது போன்ற சிலவற்றுக்கு முறைப்படி அனுமதி பெற வழி உண்டு. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீட்டில், உற்பத்தியாளரின் வடிவமைப்புக்கு மாறான மாற்றங்களைப் பதிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182அ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது அது. ‘ஒவ்வொன்றுக்கும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு மாற்றம் என்றால் 20,000 ரூபாய்.

முன்பக்க இரும்புத் தடுப்புகளைச் சட்டவிரோதமாகக் கருதி நடவடிக்கை எடுக்கும்படி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. நம் ஊர்ச் சாலைகளில் எத்தனை வண்டிகள் இன்னும் அவற்றோடு ஓடுகின்றன என்பதைப் பார்த்து, அது அனுமதிக்கப்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

எல்லா வேலையும் ஒரே தரத்தில் இல்லை. நிறம் மாற்றியிருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றிதழில் திருத்திக்கொள்ளலாம். இருக்கை உறை, ஒலிபெருக்கி, தொட்டியின் உட்பூச்சு போன்றவை யாருக்கும் பிரச்சினை இல்லை. என்ஜினையே மாற்றியிருந்தால் கதை வேறு. சான்றிதழில் உள்ள என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், அது திருட்டு வண்டியோ என்ற கேள்வி முதலில் எழும். தொட்டியில் இருக்கை பற்றவைத்து ஆட்களை ஏற்றும்படி செய்திருந்தால் வண்டியின் வகையே மாறிவிடுகிறது. கணினி மறுநிரல் கண்ணுக்குத் தெரியாது. சான்றிதழில் எதையும் மாற்றாது. ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசல் வண்டியில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டியையும் சேர்த்துக் கழற்றியிருந்தால், புகைச் சோதனையில் அது வெளிப்படக் கூடும்.

செலவு செய்த பணம் எங்கே போகிறது

விற்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது விலையில்தான். காப்பீட்டு நிறுவனம் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும் முறை எளியது. ஓராண்டு தாண்டி இரண்டாண்டுக்குள் என்றால் 20 சதவீதம், மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 என்று புதிய வண்டியின் விலையிலிருந்து கழிப்பார்கள். பட்டறையில் 6 லட்சம் செலவிட்டிருந்தாலும், அதைக் காப்பீட்டில் சேர்த்துக் கூடுதல் பிரீமியம் கட்டியிராவிட்டால், இந்தக் கணக்கில் அது வராது. வங்கியில் கடன் வாங்கி வண்டி எடுப்பவருக்கு வங்கியும் ஏறக்குறைய இப்படித்தான் மதிப்பிடும். ரொக்கமாகத் தருபவர், அதுவும் அதே ரசனை உள்ளவர் கிடைத்தால்தான் கூடுதல் விலை.

ஆகவே கழற்றிய அசல் பாகங்களைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கே லாபம். பழைய சைலன்ஸர், பம்பர், ஸ்பிரிங், டயர் ஆகியவற்றைத் திரும்பப் பொருத்தி, கணினியையும் தொழிற்சாலை நிரலுக்குக் கொண்டுவந்து விற்றால் வாங்குபவர் வட்டம் பெரிதாகும். வின்ச், சஸ்பென்ஷன் தொகுப்பு, அலாய் சக்கரம் ஆகியவற்றைத் தனித்தனியே விற்கலாம். கூட்டிப் பார்த்தால் பல நேரங்களில் முழு வண்டியாக விற்பதைவிட இது அதிகம் வரும். மனம் ஒப்பாது என்பது வேறு விஷயம்.

பெரிய டயர் போட்ட வண்டிகளில் ஒரு கணக்கு பலரும் சொல்லாமல் விடுவது. 265/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ. அதற்குப் பதில் 285/70 ஆர்17 போட்டால் விட்டம் 831 மி.மீ. ஆகிறது, 7 சதவீதம் அதிகம். சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகிறது. மீட்டருக்கு அது தெரியாது. மீட்டரைத் திருத்தாமல் அந்த டயரிலேயே ஓடிய வண்டி 60,000 கி.மீ. காட்டினால் உண்மையில் ஓடியது சுமார் 64,200. எந்த மீட்டர் அளவில் டயர் மாற்றப்பட்டது என்பதை எழுதிக் கொடுப்பது நேர்மை.

கடற்கரையில் ஓடிய வண்டி

கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் பகுதியில் நிறுத்தி வைத்த வண்டிக்கு உப்புக் காற்று எமன். பிக்கப் வண்டிகள் ஏணி வடிவ சேசிஸ் மேல் கட்டப்படுபவை. அந்த இரும்புச் சட்டம் உள்ளே கூடாக இருப்பதால், துளைகள் வழியே புகும் ஈரமும் மணலும் உள்பக்கமாகவே அரிக்கும். வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே தகடு மெலிந்திருக்கும். படகு வண்டியை இழுத்துக்கொண்டு உப்பங்கழியில் பின்சக்கரம் நனைய இறக்கிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

பார்க்க வேண்டிய இடங்கள்: பின் ஸ்பிரிங் பட்டைகள் சேசிஸில் மாட்டும் கொக்கிகள், தொட்டியைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகள், பிரேக் குழாய்கள், வின்ச்சுக்காகவும் பம்பருக்காகவும் புதிதாகத் துளையிட்ட அல்லது பற்றவைத்த இடங்கள். பற்றவைத்த இடத்தில் தொழிற்சாலைப் பூச்சு வெந்து போயிருக்கும். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மந்தமாக ஒலிக்கும். விற்பனைக்கு முந்தைய வாரம் அடித்த கறுப்பு அடிப்பூச்சு வாங்குபவருக்குச் சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஒழுங்காகப் பராமரித்தவர் பூச்சு அடிக்காமலே அடிப்பக்கத்தைப் படமெடுத்துக் காட்டலாம்.

சொல்ல வேண்டியதும் சொல்லாமல் விடுவதும்

குறையைச் சொல்லாமல் விற்றால் அது மோசடியா? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 17ஆம் பிரிவு இதற்குக் குதிரையை வைத்து விடை சொல்கிறது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் வாய் திறக்காமல் இருந்தால் அது மட்டும் மோசடியாகாது. ஆனால் “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்” என்று வாங்குபவர் சொன்ன பிறகும் விற்பவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். குறையைத் தெரிந்தே மறைப்பதும் மோசடிதான். துருவின் மேல் பூச்சு அடிப்பதும், எச்சரிக்கை விளக்கை அணைத்து வைப்பதும் இதில் வரும். மோசடி நிரூபணமானால் வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்யக் கோரலாம். என்னென்ன மாற்றப்பட்டது, எப்போது, எந்தப் பட்டறையில், ரசீது உண்டா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால் விற்பவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

பெயர் மாற்றம்

“29, 30 ரெண்டுலயும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க சார், மத்ததை நான் பார்த்துக்கிறேன்” என்று புரோக்கர் சொல்வது எங்கும் கேட்கக் கூடியது. படிவம் 29 விற்றதைத் தெரிவிப்பது. படிவம் 30 பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம். வண்டி மேல் கடன் இருந்து முடிந்திருந்தால் படிவம் 35 வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போவதானால் படிவம் 28 வழியே தடையில்லாச் சான்று பெற வேண்டும். மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். தேதி போடாத படிவத்தில் கையெழுத்திட்டுத் தருபவர், அது என்றைக்குத் தாக்கல் ஆகும் என்ற முடிவையே இன்னொருவரிடம் விட்டுவிடுகிறார்.

அது ஏன் ஆபத்து என்பதை 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு காட்டுகிறது. அந்தக் கார் பல கை மாறியிருந்தது; பதிவில் மட்டும் முதல் உரிமையாளரின் பெயரே இருந்தது. விபத்தில் ஒருவர் இறந்தார். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். வேகத்துக்காக மாற்றியமைத்த வண்டி புதியவர் கையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எப்படி ஓடும் என்பது விற்றவர் கையில் இல்லை. பரிவாகன் தளத்தில் புதிய பெயர் ஏறியதைக் கண்ணால் பார்க்கும் வரை விற்பனை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. வண்டியை ஒப்படைத்த நாளோடு நேரத்தையும் மீட்டர் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டி வியாபாரியிடம் விடுவதானால் 2023 ஏப்ரல் முதல் ஒரு வசதி உண்டு. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் பதிவு செய்தால், அதன்பின் பொறுப்பு வியாபாரியுடையது.

காப்பீட்டில் மூன்றாம் நபர் பாதுகாப்பு புதிய உரிமையாளருக்கு மாறியதாகவே சட்டம் கருதுகிறது; சொந்தச் சேதப் பாதுகாப்பு தானாக மாறாது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்றவர் உடனே செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, ஃபாஸ்டேகை மூடுவது. இல்லாவிட்டால் வண்டி பரனூர் சுங்கச்சாவடியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து பணம் போகும். மற்றொன்று, 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கக் கூடிய நோ கிளெய்ம் போனஸ். அது வண்டியோடு போவதில்லை, உரிமையாளருடையது. காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றைக் கேட்டு வாங்கி வைத்தால் அடுத்து வாங்கும் வண்டிக்கு மூன்று ஆண்டுகளுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம்.