நாலு விநாடி ஓட்டமும் நாலு வருடக் காத்திருப்பும்

அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஒன்பது மணி ஆகும்போது நமக்குக் காலை ஆறரை. எங்கள் லீக்கின் டிராஃப்ட் தொடங்குகிற நேரம் அது. திரையில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும். ஒருவர்கூட நிஜத்தில் பிறந்தவர் இல்லை. உயரம், எடை, படித்த கல்லூரி, ஓட்ட வேகம் எல்லாமே கணினி பெற்றுப் போட்டவை. இருந்தும், முதல் வருடம் நான்காவதாக என் முறை வந்தபோது எனக்கு உள்ளங்கை சில்லிட்டுப் போனது.

அன்று ஒரு குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவனை, எடுத்தேன். நாங்கள் ஆடுவது ‘ஃப்ரண்ட் ஆபீஸ் ஃபுட்பால்’. 1998-இல் ஜிம் கிண்டின் என்ற தனி மனிதர் எழுதி வெளியிட்ட, அமெரிக்கக் கால்பந்து அணியை நடத்தும் கணினி விளையாட்டு. மைதானமும் ஆரவாரமும் அதில் கிடையாது, பட்டியல்களும் எண்களும்தான். ஒவ்வொரு வீரனின் திறனுக்கும் ஒரு பட்டை உண்டு. இன்றைக்கு அவன் எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு தூரம் போவான் என்று உங்கள் ஸ்கவுட், அதாவது வீரர்களைப் பார்த்து மதிப்பிடும் ஆள், கணிப்பதை அந்தப் பட்டை காட்டும். நான் எடுத்த பையனுக்கு எல்லாப் பட்டைகளும் வலது ஓரம்வரை நீண்டிருந்தன. பக்கத்திலேயே அவனுடைய பயிற்சிச் சோதனை மதிப்பெண் இருந்தது. அவன் இடத்துக்கு அது மிகக் குறைவு. அதைப் பார்த்தேன், பார்த்தும் கடந்து போனேன். பயிற்சி முகாம் முடிந்து வந்தபோது அவன் பட்டைகள் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருந்தன. இரண்டு வருடம் அவனோடு தோற்றேன்.

அதே டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில், எடுக்க வேறு யாரும் இல்லையே என்று ஒரு கார்டை எடுத்திருந்தேன். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கும் வரிசையில் ஓர் ஆள். பட்டைகள் குட்டை. ஆனால் பளு தூக்கியதும் சுறுசுறுப்புச் சோதனையும் அவன் வரிசை ஆட்களில் முதல் சிலருக்குள் இருந்தன. ஒன்பது பருவம் எனக்காக ஆடினான். ஒரு புதுமுகத்தை எப்படி எடை போடுவது என்று நான் யோசிக்க ஆரம்பித்ததே இந்த இரண்டு பேரால்தான்.

நம் வாசகர்களுக்கு ஐபிஎல் ஏலம் தெரியும். கையில் காசு உள்ளவர் பலகையைத் தூக்கலாம். அமெரிக்கக் கால்பந்தின் டிராஃப்ட் வேறு மாதிரி. கல்லூரியை முடித்து வரும் வீரர்களை 32 அணிகளும் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. கோப்பை வென்ற அணிக்கு அந்தச் சுற்றின் கடைசித் தேர்வு. மொத்தம் ஏழு சுற்று. பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935-இல் இந்த யோசனையைச் சொன்னார். அவர் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. நல்ல வீரர்களைப் பணக்கார அணிகள் அள்ளிக்கொண்டு போயின. 1936 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது. ஒன்பது அணிகள், ஒன்பது சுற்று, பலகையில் 90 பெயர்கள். அப்போது ஸ்கவுட் என்று யாரும் கிடையாது. முதல் ஆளாகத் தேர்வான ஜே பெர்வாங்கர் தொழில்முறைக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆக, டிராஃப்ட் பிறந்த அன்றே தவறிய கணிப்பும் கூடவே பிறந்துவிட்டது.

இன்று நிலைமை தலைகீழ். இண்டியானாபொலிஸ் நகரில் 1987 முதல் வருடந்தோறும் ‘கம்பைன்’ நடக்கிறது. சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி ஒவ்வொரு வீரனையும் அளக்கிறார்கள். உள்ளங்கையின் அகலம், கையின் நீளம், 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தாண்டுகிறான். எல்லாவற்றுக்கும் மேல் 40 கெஜ ஓட்டம். நமக்குச் சுமார் 37 மீட்டர். சில விநாடிகளில் முடிந்துபோகும் அந்த ஓட்டம் கோடிகளைத் தீர்மானித்திருக்கிறது. 2009-இல் டேரியஸ் ஹேவர்ட்-பே 4.30 விநாடியில் ஓடினார். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அவரை ஏழாவதாக எடுத்தது. காலில் காயம்பட்டு கம்பைனில் ஓட முடியாத மைக்கேல் கிராப்ட்ரீ பத்தாவதாகப் போனார். இருவரும் எறிந்த பந்தைப் பிடித்து ஓடும் ரிசீவர்கள். ஒரு பருவத்தில் அப்படி 1000 கெஜம் சேர்ப்பது அந்த இடத்து ஆட்களுக்கு ஒரு மரியாதைக்கோடு. கிராப்ட்ரீ அதை இருமுறை தாண்டினார். ஹேவர்ட்-பே ஒருமுறைகூடத் தொடவில்லை. மறுபக்கம், 2000-இல் அதே 40 கெஜத்தை 5.28 விநாடியில் ஓடி முடித்த ஒல்லிப் பையனை 198 பேர் எடுக்கப்பட்ட பிறகு நியூ இங்கிலாண்ட் அணி எடுத்தது. டாம் பிரேடி. ஏழு சூப்பர் பௌல் கோப்பைகள்.

இந்தக் கதைகளை வைத்துக்கொண்டு அளவையே குப்பை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. எங்களுடையதுபோல் கணினியில் ஆடும் பாவனை லீக்கில் பத்துப் பதினைந்து பருவம் ஆடினால் அதற்கான காரணம் புரியும்.

நிஜ வீரனுக்கு ‘உண்மையான திறன்’ என்று எங்கும் எழுதி வைத்த எண் இல்லை. பயிற்சியாளர், சக வீரர்கள், காயம், குடும்பம், ஊர் எல்லாம் சேர்ந்துதான் அவன் ஆட்டம். பாவனை லீக்கில் அந்த எண் உண்டு. கணினிக்குள் எங்கோ அது எழுதப்பட்டிருக்கிறது. உங்களுக்குத் தெரிவது ஸ்கவுட்டின் கண் வழியாக வரும் மங்கலான உருவம்தான். ஸ்கவுட் கெட்டிக்காரர் என்றால் மங்கல் குறையும், ஒருபோதும் முழுதாக விலகாது. எதிர் அணிக்காரருக்கு அதே பையன் வேறு நீளப் பட்டைகளோடு தெரிவான். ஓட்டமும் தாண்டலும் பளுவும் அப்படி இல்லை. எல்லோருக்கும் ஒரே எண். ஆகவே பட்டை என்பது ஒருவரின் அபிப்பிராயம், சோதனை எண் என்பது நடந்த ஒன்று. இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. முரண்பட்டால், பழகியவர்கள் நடந்ததன் பக்கம்தான் சாய்வார்கள். என் குவார்ட்டர்பேக் விஷயத்தில் நான் அபிப்பிராயத்தின் பக்கம் சாய்ந்தேன், அது அழகாக இருந்ததால்.

உண்மை எண் ஒன்று இருந்து, சில பருவங்களில் அது வெளிப்பட்டும் விடுகிற இந்த உலகத்தில்கூட நாங்கள் தவறுகிறோம் என்றால், நிஜ உலகத்தில் எவ்வளவு தவறுவார்கள்? கேட் மாஸியும், பின்னாளில் 2017-இல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் இதை ஆராய்ந்தார்கள். ஒரே இடத்துக்கு ஆடும் இரண்டு பேரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆட எவ்வளவு வாய்ப்பு? அவர்கள் கண்டது 52 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டினால் 50. ஸ்கவுட்டுகள், வீடியோக்கள், நேர்காணல்கள், மருத்துவர்கள் என அத்தனை பேர் உழைப்பும் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவருக்கிடையே வாங்கித் தந்தது அந்த இரண்டு புள்ளிதான்.

இந்த எண்ணை முதலில் படித்தபோது எனக்கு மனசு விட்டுப்போனது. பிறகு அதுவே பிடிமானமும் ஆனது. பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரில் யார் என்று என்னால் சொல்ல முடியாதென்றால், ஒருவனுக்காகக் கொட்டிக் கொடுப்பதைவிட இரண்டு பேரையும் எடுப்பது மேல். நம் விவசாயி ஒரு குழிக்கு இரண்டு மூன்று விதை ஊன்றுவது விதையின் மேல் நம்பிக்கை இல்லாமலா?

ஒருவனுக்காக எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்கிட, 1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் ஒரு பட்டியலைக் கையாண்டார். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விலைப்புள்ளி. முதல் தேர்வு 3000, பத்தாவது 1300, பதினாறாவது 1000, 32-ஆவது 590. அணிகள் தேர்வுகளை மாற்றிக்கொள்ளும்போது பேரம் இந்தக் கணக்கில்தான் ஓடியது. பாவனை லீக்குகளில் இன்றும் இதை அச்செடுத்து வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம். இதன்படி முதல் ஆளை விட்டுக்கொடுத்தால் முதல் சுற்றின் கடைசியில் ஏறக்குறைய ஐந்து பேரை எடுக்கலாம். ஒருவன் ஐந்து பேருக்குச் சமமா? குவார்ட்டர்பேக் என்றால் சில சமயம் ஆம். மற்ற இடங்களுக்கு நான் ஐந்து பேர் பக்கம்.

சம்பளமும் இதில் சேர்த்தி. 2010-இல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். அடுத்த வருடம் புதுமுகங்களுக்குச் சம்பள வரம்பு வந்தது. அந்த வருடம் முதலாவதாகத் தேர்வான கேம் நியூட்டனுக்கு நாலு வருடம், 2.2 கோடி. விலை இப்படிச் சரிந்ததால் முன்னால் நிற்கும் தேர்வுகளின் மதிப்பு உயர்ந்தது. எங்கள் லீக்கிலும் சம்பள உச்சவரம்பு உண்டு. அதனால் ஒரு பையனை மதிப்பிடும்போது ‘இவன் நல்லவனா’ என்பதோடு ‘இந்த விலைக்கு நல்லவனா’ என்பதையும் கேட்டே ஆகவேண்டும்.

இதையெல்லாம் ஒரே அணி இரண்டே வருடத்தில் நடத்திக் காட்டியது. 2021-இல் சான் ஃபிரான்சிஸ்கோ 49-அர்ஸ், மூன்றாவது இடத்துக்கு ஏறுவதற்காகத் தன் 12-ஆவது தேர்வையும், அடுத்த இரண்டு வருடங்களின் முதல் சுற்றுத் தேர்வுகளையும், கூடுதலாக ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்தது. எடுத்த ஆள் டிரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக். அந்த அணிக்காக அவர் தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய ஆட்டங்கள் நான்கு. 2023-இல் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு அவரை டல்லாஸுக்கு அனுப்பினார்கள். இடையில் 2022-இல், மொத்தம் 262 பேர் தேர்வான டிராஃப்டில் 262-ஆவது ஆளாக பிராக் பர்டியை அதே அணி எடுத்தது. 2024 பிப்ரவரியில் அந்த அணியைச் சூப்பர் பௌல் வரை கொண்டுபோன குவார்ட்டர்பேக் அவர். லான்ஸைத் தேர்ந்த அதே கண்கள்தான் பர்டியையும் தேர்ந்தன. கண்ணில் கோளாறு இல்லை, கொடுத்த விலையில்தான் கோளாறு.

டிராஃப்ட் முடிந்த மறுநாளே அமெரிக்கப் பத்திரிகைகள் ஒவ்வொரு அணிக்கும் ஏ, பி, சி என்று மதிப்பெண் போட்டுவிடும். எங்கள் லீக்கிலும் இந்த வழக்கம் ஒட்டிக்கொண்டது. குவார்ட்டர்பேக்கை எடுத்த வருடம் எனக்கு ஏ கிடைத்தது. அந்த ஏ-யில் பையனைப் பற்றி எதுவும் இல்லை என்று இப்போது தெரிகிறது. என் பட்டியல் மதிப்பிட்டவரின் பட்டியலோடு ஒத்துப்போயிற்று, அவ்வளவுதான். மதிப்பெண் போட்டே ஆகவேண்டுமென்றால் இரண்டு தடவை போடட்டும். முதல் நாளில் காரணத்துக்கு: என்ன விலை கொடுத்தார், எந்தச் சான்றை நம்பினார், அந்த இடத்து ஆட்கள் முதிர எத்தனை வருடம் பிடிக்கும் என்று யோசித்தாரா. பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் வந்த வருடமே ஓடுவான், சீக்கிரம் தேய்ந்தும் போவான். குவார்ட்டர்பேக் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வருடங்கள் வேண்டும். இரண்டு பேரையும் ஒரே நாளில் ஒரே கோலால் அளப்பது நியாயமே இல்லை. மூன்றாம் வருடக் கடைசியில், நாலு வருட ஒப்பந்தம் முடியுமுன், விளைவுக்கு மதிப்பெண் போடலாம்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். எடுக்கும் ஒவ்வொரு வீரனுக்கும் அன்றே ஒரு வரி எழுதிவிடுவேன். மூன்று வருடம் கழித்து அதற்குக் கீழே சிவப்பு மையில் இன்னொரு வரி. முதல் பக்கத்தில் ‘பட்டை முழுசு, விடக் கூடாது’ என்று இருக்கிறது. கீழே சிவப்பில், ‘சோதனை மார்க் பார்த்தேன், மதிக்கவில்லை’. ஐந்தாம் சுற்று கார்டுக்கு நீல மையில் ஒரே சொல்: ‘வேறில்லை’. அவனுக்குச் சிவப்பு வரி எழுத உட்கார்ந்தபோது வெகுநேரம் யோசித்தேன். அவனை எடுத்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அப்படியே எழுதினேன்.

இந்த வருடம் என் முறை பதினொன்றாவது. தற்காப்பின் கடைசியில் நிற்கும் சேஃப்டிகள் இரண்டு பேர் மேல் கண். ஒருவனுக்குப் பட்டை நீளம், இன்னொருவனுக்குச் சோதனை எண்கள் பிரமாதம். பதினெட்டாவது தேர்வு வைத்திருப்பவர் இடம் மாற்றிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். கூடவே ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும் தருவாராம். சரி என்று பதில் அனுப்பிவிட்டேன். பதினெட்டில் அந்த இருவரில் யார் மிஞ்சுகிறானோ, அவனுக்காக நோட்டில் ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.