திருமண விசா நீட்டிப்புக்கான வருமான நிபந்தனை (ஐக்கிய இராச்சியம்)

ஐக்கிய இராச்சியக் குடிமகனையோ அங்கு நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒருவரையோ திருமணம் செய்துகொண்டு அந்நாட்டிற்குச் சென்றவர், தமது விசாவை நீட்டிக்கும்போது குடும்பத்திற்குக் குறிப்பிட்ட அளவு ஆண்டு வருமானமோ சேமிப்போ இருப்பதை ஆவணங்களுடன் காட்ட வேண்டும். இதுவே திருமண விசா நீட்டிப்புக்கான வருமான நிபந்தனை எனப்படுகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மணமுடித்துச் செல்லும் பலரும் முதல் விசா கிடைத்ததும் சிக்கல் தீர்ந்துவிட்டதாகவே எண்ணுகின்றனர். உண்மையில் இந்தக் கணக்கை மூன்று முறை காட்ட வேண்டியுள்ளது.

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு முதலில் 33 மாத விசா வழங்கப்படுகிறது. அது முடிவதற்குள் ஐக்கிய இராச்சியத்தில் இருந்தபடியே விண்ணப்பித்து மேலும் 30 மாதங்கள் நீட்டிப்புப் பெற வேண்டும். ஐந்து ஆண்டுகள் நிறைந்தபின் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் வருமானச் சான்று கேட்கப்படும்.

வரம்பு வந்த கதை

2012-க்கு முன்பு குறிப்பிட்ட தொகை எதுவும் இல்லை. அரசின் உதவித்தொகையை நாடாமல் தம்பதி வாழ முடியுமா என்று மட்டுமே பார்க்கப்பட்டது. 2012 சூலை 9 முதல் ஆண்டுக்கு 18,600 பவுண்டு என்ற வரம்பு வந்தது. விசா தேவைப்படும் குழந்தை ஒன்று உடன் இருந்தால் 22,400, அதற்கு மேல் ஒவ்வொரு குழந்தைக்கும் 2,400 பவுண்டு கூடுதல்.

2023 திசம்பரில் இந்த வரம்பை 38,700 பவுண்டாக உயர்த்தப்போவதாக அன்றைய அரசு அறிவித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு படிப்படியாக உயர்த்துவதாகக் கூறி, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டு நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளுக்கான கூடுதல் தொகை நீக்கப்பட்டது. அதே ஆண்டு சூலையில் ஆட்சி மாறியதும் அடுத்தகட்ட உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. குடிவரவு ஆலோசனைக் குழு இதை ஆராய்ந்து 2025 சூனில் அறிக்கை அளித்தது.

நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தமது பழைய விண்ணப்பத்தின் தேதியைத்தான். 2024 ஏப்ரல் 11-க்கு முன்பே இந்த ஐந்தாண்டு வழியில் விண்ணப்பித்து விசா பெற்று, அதே துணையுடன் நீட்டிப்போருக்குப் பழைய 18,600 வரம்பே பொருந்தும். செய்திகளில் வரும் 29,000-ஐப் பார்த்துத் தேவையின்றிக் கலங்குவோர் பலர்.

யாருடைய சம்பளம்?

முதல் விசாவுக்கும் நீட்டிப்புக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதில்தான் உள்ளது. முதல்முறை வெளிநாட்டில் இருக்கும் மணமகனோ மணமகளோ அங்கே வாங்கும் சம்பளம் கணக்கில் வராது. ஐக்கிய இராச்சியத்தில் உள்ள துணையின் சம்பளத்தையே பார்ப்பார்கள். நீட்டிப்பின்போது, வந்தவர் அங்கே உரிய அனுமதியுடன் வேலை செய்து ஈட்டும் சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் தெற்கு முனையில், குமுளி மலைப்பாதை தொடங்கும் இடத்தில் உள்ள லோயர் கேம்ப்பிலிருந்து ஒரு பெண் மணமாகிச் செல்வதாக வைத்துக்கொள்வோம். அவரது முதல் விண்ணப்பம் 2024 மே மாதத்தில் அளிக்கப்பட்டது என்றால் வரம்பு 29,000 பவுண்டு. அப்போது கணவர் 29,500 பவுண்டு சம்பளம் காட்டியிருக்கிறார். பின்னர் அந்த வேலை போய், 20,500 பவுண்டு சம்பளமுள்ள வேறு வேலையில் சேர்கிறார். கணவரின் சம்பளம் மட்டும் என்றால் நீட்டிப்பு மறுக்கப்படும். மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் பகுதிநேரமாக 9,000 பவுண்டு ஈட்டினால் மொத்தம் 29,500 ஆகிவிடும். வந்த பெண் வேலைக்குப் போவதை 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைப்பது நல்லது.

இருவரும் தத்தம் வேலையில் குறைந்தது ஆறு மாதம் இருந்திருந்தால் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளும், அதே சம்பளம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கு அறிக்கைகளும், வேலை தருபவரின் கடிதமும் வேண்டும். மாதச் சம்பளக்காரர் என்றால் அந்த ஆறு மாதங்களில் மிகக் குறைவாக இருந்த சம்பள அளவே எடுத்துக்கொள்ளப்படும். எனவே சம்பளமில்லா விடுப்பில் ஒரு மாதம் ஊருக்கு வந்து திரும்புவதுகூட வினையாகலாம். மணிக்கணக்கில் கூலி பெறுபவருக்குச் சராசரி பார்க்கப்படுகிறது. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர், கடந்த 12 மாதங்களில் உண்மையில் ஈட்டிய தொகையும் வரம்பை எட்டுவதைக் காட்ட வேண்டும். கையில் ரொக்கமாக வாங்கி வங்கியில் போடாத சம்பளத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

ஊரில் உள்ள சொத்து

ஊரில் வீடு, திராட்சைத் தோட்டம், நகை இருப்பதெல்லாம் போதாதா என்று கேட்போர் உண்டு. சொத்தின் மதிப்பு கணக்கில் வராது, நகையும் வராது. ஆனால் தம்பதிக்குச் சொந்தமான வீட்டிலிருந்து வரும் வாடகை, அந்த வீடு இந்தியாவில் இருந்தாலும், வருமானமாக ஏற்கப்படும். உரிமைப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், 12 மாதங்கள் வாடகை வங்கியில் வந்ததற்கான அறிக்கை ஆகியவை தேவை. தமிழில் உள்ள பத்திரங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்.

வருமானம் குறைந்தால் ரொக்கச் சேமிப்பால் ஈடுகட்டலாம். இதற்கான சூத்திரம் சற்று விசித்திரமானது. சேமிப்பில் முதல் 16,000 பவுண்டு கணக்கில் சேராது. அதற்கு மேல் உள்ளதை 2.5 ஆல் வகுத்தால் வருவதே ஆண்டு வருமானமாகக் கருதப்படும். மேற்கண்ட தம்பதியின் மொத்தச் சம்பளம் 26,000 பவுண்டு என்றால் குறைவது 3,000. அதை 2.5 ஆல் பெருக்கினால் 7,500; அதனுடன் 16,000 சேர்த்து 23,500 பவுண்டு சேமிப்பு வேண்டும். வருமானமே இல்லாதவருக்கு 88,500 பவுண்டு தேவை. பணம் ஆறு மாதங்கள் தம்பதியின் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும். தந்தை அன்பளிப்பாகக் கொடுத்த தொகை ஏற்கப்படும், கடன் ஏற்கப்படாது. தங்களுக்குச் சொந்தமான நிலத்தை விற்ற பணத்திற்கு ஆறு மாத விதியில் தளர்வு உண்டு. சுயதொழில் வருமானத்துடன் சேமிப்பைச் சேர்த்துக் காட்ட முடியாது.

வரம்பை எட்டாவிட்டால்

ஐக்கிய இராச்சியத்தில் உள்ள துணை மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை, பராமரிப்பாளர் உதவித்தொகை போன்றவற்றைப் பெறுபவர் என்றால் குறிப்பிட்ட தொகை வரம்பு பொருந்தாது. வாழப் போதுமான வருவாய் இருந்தாலே போதும்.

மற்றவர்களுக்கு 2017 பிப்ரவரி 22 அன்று வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முக்கியமானது. வருமான வரம்பு வைப்பது சட்டத்துக்கு உட்பட்டதே என்ற நீதிமன்றம், குழந்தைகளின் நலனை விதிகள் போதிய அளவு கருதவில்லை என்றது. பிற வழிகளில் கிடைக்கும் நம்பகமான பண ஆதரவைப் பார்க்க மறுப்பதும் குறையாகச் சுட்டப்பட்டது. அதே ஆண்டு ஆகத்தில் விதிகள் திருத்தப்பட்டன. இதன்படி விதிவிலக்கான சூழ்நிலைகளில் அனுமதி கிடைக்கலாம். ஆனால் நிரந்தரக் குடியிருப்புக்கு ஐந்துக்குப் பதில் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட ஒவ்வொரு நீட்டிப்புக்கும் கட்டணமும் உண்டு.

குடும்ப வன்முறையால் உறவு முறிந்தவருக்குத் தனி விதி உள்ளது. அவர் வருமானம் எதையும் காட்டாமலேயே நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். விசா போய்விடும் என்ற அச்சத்தில் அடி வாங்கிக்கொண்டு இருப்பவர்கள் இதை அறிந்திருப்பது அவசியம்.

பிற நாடுகள்

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. கனடாவில் வாழ்க்கைத்துணையை மட்டும் வரவழைக்கப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் கேட்கப்படுவதில்லை. மூன்று ஆண்டுகள் பராமரிப்பதாக உறுதி அளித்தால் நிரந்தர வதிவிடமே கிடைக்கும் என்பதால் நீட்டிப்பும் இல்லை. தாய்லாந்தில் தாய்லாந்துப் பெண்ணை மணந்த வெளிநாட்டவர் ஆண்டுதோறும் நீட்டிக்க, அங்குள்ள வங்கியில் 4 இலட்சம் பாட் வைப்போ, மாதம் 40,000 பாட் வருமானமோ காட்ட வேண்டும்.

செலவும் காலமும்

வருமானத்தைக் காட்டுவதோடு கட்டணத்துக்கும் பணம் வேண்டும். 2025 ஏப்ரல் நிலவரப்படி நீட்டிப்பு விண்ணப்பத்துக்கு 1,321 பவுண்டும், ஆண்டுக்கு 1,035 என இரண்டரை ஆண்டுகளுக்கான மருத்துவச் சேவைக் கட்டணம் 2,587.50 பவுண்டும் செலுத்த வேண்டியிருந்தது. விண்ணப்பத்தை விசா முடிவதற்கு முன் அனுப்பிவிட்டால், முடிவு வரத் தாமதமானாலும் பழைய அனுமதியும் வேலை செய்யும் உரிமையும் 1971 குடிவரவுச் சட்டத்தின்படி தொடரும். வங்கி அறிக்கையின் கடைசித் தேதி விண்ணப்ப நாளுக்கு முந்தைய 28 நாட்களுக்குள் இருக்க வேண்டும் என்பதால், ஆவணங்களை வெகு முன்பே எடுத்து வைத்துவிட்டால் அவற்றைத் திரும்ப எடுக்க வேண்டிவரும்.