தீவின் மீட்டருக்கு ஒரு துபாஷி

தெற்கு அந்தமானுக்கும் மத்திய அந்தமானுக்கும் இடையே உள்ள பாராடாங் தீவுக்கு, ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து தரைவழியே நினைத்த பொழுதில் சென்றுவிட இயலாது. ஜாரவா ஆதிகுடிகளின் வனத்தினூடே வாகனங்கள் குறித்த வேளைகளில் மட்டும் அணியாக விடப்படுகின்றன. அதன் பின் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் ஃபெர்ரி ஏறி நிலம்பூர்த் துறையை அடைய வேண்டும். இத்தகைய இடத்தில் ஓர் அளவைக் கருவி ஊமையாகிவிட்டால், அதனைப் பார்த்துத் திரும்புவதற்குள் ஒரு நாள் கழிந்துவிடும்.

அந்தமான் தீவுகள் மின்சாரத்துக்குப் பெரிதும் டீசல் ஜெனரேட்டர்களையே நம்பியுள்ளன. இத்தகைய நிலையங்களில் காணப்படும் மின்மீட்டர், எண்ணெய்த் தொட்டியின் மட்டமானி முதலியன பெரும்பாலும் சீரியல் கம்பி வழியே, 1979-இல் தோன்றிய மாட்பஸ் என்னும் முறையில் பேசுவன. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-இல் தொடங்கி வைக்கப்பட்டு, அண்டையிலுள்ள ரங்கத் வரை வந்துள்ளது. ஆயினும் அந்த வலையத்தின் மொழி வேறு. இரண்டுக்கும் இடையில் நிற்கும் சாதனமே கேட்வே. இதற்கு 'நுழைவாயில்' என்று எழுதுவதுண்டு; ஆனால் டூப்ளேயிடம் ஆனந்தரங்கப் பிள்ளை பார்த்த துபாஷி வேலையே இதன் வேலை என்பது எமது கருத்து.

கம்பிப் பக்கத்தில் வேகம், பாரிட்டி, நிறுத்த பிட் ஆகிய மூன்றும் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் 1 முதல் 247-க்குள் தனி எண் தேவை. ஆர்.எஸ். 485 கம்பி குறைந்த வேகத்தில் சுமார் 1,200 மீட்டர் வரை செல்லும். நீண்ட கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை இணைப்பர். வலையப் பக்கத்தில் மாறாத ஐ.பி. முகவரியும் 502 என்னும் போர்ட் எண்ணும் போதும். மாட்பஸ் முறைக்குக் கடவுச்சொல் கிடையாதாகையால், அந்தப் போர்ட்டைப் பொது இணையத்துக்குத் திறந்து வைத்தல் கூடாது.

பலர் தவறுவது காத்திருக்கும் நேரத்திலேயாம். ஒரு கம்பியில் ஒரு சமயத்தில் ஒரு கருவியே பேச முடியும். விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் பத்துப் பதிவேடுகளைக் கேட்டுப் பெற சுமார் 38 மில்லிவிநாடியே ஆகும். இறந்துபோன ஒரு மீட்டருக்கு விநாடி ஒன்றாக மும்முறை காத்திருந்தால், அந்த மூன்று விநாடியும் ஏனைய கருவிகள் யாவும் வாய்மூடி நிற்கும்.

மௌனத்தைவிடப் பொய் அபாயகரமானது. இரண்டு பதிவேடுகளில் வரும் எண்ணின் முன்பின் மாறினால் 1,000 லிட்டர் 6,55,36,000 ஆகத் தோன்றும். இதனை எவரும் கண்டுகொள்வர். ஆனால் சில கேட்வேக்கள் கடைசியாகப் பெற்ற அளவை நினைவில் வைத்து, கருவி இறந்த பின்னும் அதனையே காட்டிக் கொண்டிருக்கும். தொட்டி வற்றிக் கொண்டிருக்கையில் திரையில் நேற்றைய எண்ணெய் நிற்கும்.

ஆகவே, ஃபெர்ரி ஏறுமுன் ஒரு மீட்டரின் கம்பியைக் கழற்றி, தொலைவிலுள்ள திரையில் பழுது என்று வருகிறதா என்று பார்த்துவிடுக. அமைப்பு எண்கள் அனைத்தையும் தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுக. அடுத்து வருபவர் வேறொருவராக இருக்கலாம்.