மில்லிமீட்டரில் தொடங்கும் முழங்கால் வலி

மிதிவண்டியின் இருக்கை, ஹேண்டில்பார், பெடல் ஆகியவற்றை ஓட்டுபவரின் கால் நீளம், உடலின் வளையும் தன்மை, பழைய காயங்கள் ஆகியவற்றுக்கு ஏற்ப அளந்து அமைப்பதே பைக் ஃபிட்டிங் எனப்படுகிறது. நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவரின் ஒவ்வொரு முழங்காலும் ஒரு மணி நேரத்தில் 5,400 முறை மடங்கி நீள்வதாலும், கால் தன் போக்கில் செல்ல முடியாமல் பெடலின் வட்டத்துக்குள் கட்டுண்டிருப்பதாலும், அமைப்பில் நேரும் சிறு பிசகும் நாளடைவில் வலியாகத் திரள்கிறது.

இதில் முதலில் கவனிக்கத்தக்கது இருக்கையின் உயரம். அது தாழ்ந்திருந்தால் முழங்கால் அளவுமீறி மடங்க, சில்லெலும்பு தொடையெலும்பின் மீது அழுந்தி முன்பக்கம் வலிக்கும்; உயர்ந்திருந்தாலோ பெடலை எட்டுவதற்காக இடுப்பு இருபுறமும் ஆடி, முழங்காலின் பின்பக்கத் தசைநாண்களும் கீழ்முதுகும் வருந்தும். கவட்டிலிருந்து தரை வரையிலான உள்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தொலைவு கிடைக்கும் என்பது, அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டின் பெயரால் வழங்கும் சூத்திரம்; உள்கால் 80 செ.மீ. உடையவருக்கு அது 70.6 செ.மீ. என்று கணக்கிடும். ஆனால் பாதத்தின் நீளம், காலணி அடியின் தடிமன், தொடைப் பின்தசையின் இறுக்கம் எதுவும் அக்கணக்கில் சேர்வதில்லை. ஆகவே, பெடல் அடியில் நிற்கையில் முழங்கால் முழு நீட்சியிலிருந்து 25 முதல் 35 பாகை வரை மடங்கியுள்ளதா என்று கோணமானியால் பார்ப்பதே மேலான வழி. உடலில் ஒட்டிய குறிகளைக் கேமராவால் தொடரும் விலையுயர்ந்த கருவிகளும் இதே கோணத்தைத்தான், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, அளக்கின்றன.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது, உள்ளங்கையின் அடியில் செல்லும் அல்நார் நரம்பு அழுந்துவதன் அடையாளம். இதற்குக் கையுறை வாங்குவோர் பலர். இருக்கையின் முனை கீழ்நோக்கிச் சாய்ந்து உடலின் எடையைக் கைகளின் மேல் தள்ளுகிறதா என்று பார்ப்போர் சிலரே.

ஒருமுறை அமைத்த அளவு என்றைக்கும் பொருந்துவதில்லை. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ், 1969 செப்டம்பரில் பிரான்சின் புளுவா நகரில் மிதிவண்டிப் பந்தயத் தடத்தில் விழுந்து இடுப்பில் அடிபட்ட பின், மேலும் நான்கு டூர் டி பிரான்ஸ் பட்டங்களை வென்ற காலத்திலும் இருக்கையை ஏற்றுவதும் இறக்குவதுமாகவே இருந்தார். வாங்கிய நாளில் கடைக்காரர் வைத்த உயரத்திலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

வலி கண்டவர் பழைய அளவுகளைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதுவும் சில மில்லிமீட்டரே மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். வண்டியை விட்டு இறங்கிய பின்னும் மரத்துப்போதல் நீடித்தால் தாமதிக்காமல் மருத்துவரைக் காண வேண்டும்.