அலையை ஒளிக்கத் தெரிந்த படகு

1922இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயது இளைஞர் இரண்டு பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு படகின் பின்னால் சறுக்கிப் போனார். நீர்ச்சறுக்கு விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. பிற்காலத்தில் இதற்கென்றே படகு கட்ட வந்தவர்களின் குறி ஒன்றுதான்: படகு போன தடத்தில் அலை எழவே கூடாது. ஸ்லாலம் போட்டியில் படகு மணிக்கு 58 கிலோமீட்டர் வரை ஓடும். சறுக்குபவர் கயிற்றைப் பிடித்தபடி தடத்தின் குறுக்கே இப்படியும் அப்படியும் பாய்வார். நடுவில் மேடு எழுந்தால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் ஸ்கி நாட்டிக், மாஸ்டர்கிராஃப்ட் போன்ற படகுகள் எடை குறைவாக, தட்டையான அடியோடு, எஞ்சின் நட்டநடுவில் இருக்கும்படி கட்டப்பட்டன.

வேக்சர்ஃபிங் கேட்பதோ நேர் எதிரானது. இங்கே வேகம் மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர்தான். எழுந்து நிற்கும்வரை கயிறு உதவும். பிறகு அதை விட்டுவிட்டு, படகு எழுப்பும் அலையின் சரிவிலேயே கடலில் போலச் சறுக்க வேண்டும். இதற்கென்றே செய்த புதுப் படகுகளின் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. ஆகவே, 1990களின் ஸ்கி படகு ஒன்றை வாங்கி, அதன் உடம்பில் எடையை ஏற்றி அலை எழுப்ப வைப்பது அமெரிக்க ஏரிக்கரைகளில் பலருக்கும் பிடித்த கைவேலை.

வேகமாக ஓடும் படகு நீரின் மேற்பரப்பில் ஏறிக்கொள்கிறது. தண்ணீரை அதிகம் விலக்குவதில்லை. 17 கிலோமீட்டரில் கதை வேறு. அந்த வேகத்தோடு சேர்ந்து ஓடும் அலையின் நீளம் ஏறக்குறைய 14 மீட்டர். படகின் நீளம் 6 மீட்டர். தான் எழுப்பிய அலையின் மேட்டில் படகு மூக்கைத் தூக்கி, பின்புறத்தைப் பள்ளத்தில் அழுத்தியபடி திணறிக்கொண்டே போகும். பின்தட்டுக்குப் பின்னால் உண்டாகும் குழியை நிரப்ப இரு பக்கத்திலிருந்தும் தண்ணீர் பாய்கிறது. அது மோதி எழும் மேடுதான் நமக்கு வேண்டிய அலை. எடை கூடினால் விலகும் நீர் கூடும், குழி ஆழமாகும், அலை உயரும்.

எடையை எங்கே வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. இடது காலை முன்வைத்து நிற்பவருக்குப் படகின் இடப்பக்க அலை வசதி. அலையைப் பார்த்தபடி நிற்கலாம். வலது காலை முன்வைப்பவருக்கு வலப்பக்கம். எந்தப் பக்கம் சறுக்குகிறோமோ அந்தப் பக்கத்துப் பின்மூலையில் பெரிய தண்ணீர்ப் பையை வைத்து, படகைச் சற்றே சாய்க்கிறார்கள். சாய்ந்த பக்கத்தில் அலை வழவழப்பாக எழும், மறுபக்கம் நுரைத்துக் கலங்கிக் கிடக்கும். கடைகளில் கிடைக்கும் பெரிய பை ஒன்றில் 750 பவுண்டு, அதாவது சுமார் 340 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 12 வோல்ட் பம்பு ஒன்று ஏரியிலிருந்தே சில நிமிடங்களில் அதை நிரப்பிவிடும். பின்னால் மட்டும் ஏற்றினால் அலை உயரமாக, ஆனால் நீளம் குறைவாக இருக்கும். அணியத்திலும் கொஞ்சம் எடை வைத்தால் அலை நீளும், சறுக்க இடம் கிடைக்கும். நடு எஞ்சின் படகில் எஞ்சின் பெட்டியே இடத்தை அடைத்துக்கொள்வதால், பைகள் பின் இருக்கையிலும் பெட்டியின் ஓரத்திலும்தான் அமரும். மிச்சத்தைச் சரிசெய்யப் பயணிகளே போதும். கனத்த மாமா ஒருவர் இருக்கை மாறினாலே அலையின் வடிவம் மாறிவிடும்.

சாய்க்காமலும் இதைச் செய்யலாம். மாலிபு நிறுவனம் 2012இல் பின்புறம் விரியும் தகடுகளை அறிமுகப்படுத்தியது. சறுக்காத பக்கத்தில் தகடு நீண்டு, அந்தப் பக்கத்து நீர் குழிக்குள் வருவதைத் தாமதப்படுத்தும். அதனால் மறுபக்கத்து அலை தெளிவாகிறது. பழைய படகுக்காரர்கள் உறிஞ்சு கிண்ணங்களால் ஒட்டும் சிறு தகடு ஒன்றை மாட்டி அதே வேலையை வாங்குகிறார்கள். எடையைச் சமமாகப் பரப்பலாம் என்பதால், என் வாக்கு இதற்குத்தான்.

இடம் மிச்சமாகும் என்று ஈயப் பைகளை ஏற்றுபவர்களும் உண்டு. ஈயம் தண்ணீரைவிட 11 மடங்கு அடர்த்தியானது. மிதக்கும்வரை இரண்டுக்கும் வேறுபாடில்லை. ஒரு கிலோ ஒரு கிலோதான். படகுக்குள் தண்ணீர் ஏறி மூழ்கத் தொடங்கினால் வேறுபாடு தெரியும். தண்ணீர்ப் பைக்குத் தண்ணீருக்குள் எடை கிடையாது. ஈயமோ படகைக் கீழே இழுத்துக்கொண்டே போகும்.

அப்படி மூழ்குவது அபூர்வம் அல்ல. இந்தப் படகுகளின் விளிம்பு ஏற்கெனவே நீருக்கு அருகில்தான் இருக்கும். பாரத்தோடு சட்டென்று வேகத்தைக் குறைத்தால், பின்னால் வரும் சொந்த அலையே உள்ளே ஏறும். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான படகுகளில் எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று தகடு பதித்திருக்கும். ஆட்களும் பைகளும் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. பழைய படகின் தரைக்கடியில் உள்ள மரச்சட்டங்கள் உளுத்திருக்கலாம், மிதப்புக்காக அடைத்த நுரை பல ஆண்டுத் தண்ணீரைக் குடித்துக் கனத்திருக்கலாம். பை வாங்கும் முன் தரையைத் தட்டிப் பார்ப்பது நல்லது.

புரொப்பல்லர் பின்தட்டுக்கு வெளியே இருக்கும் படகில் இந்த விளையாட்டே கூடாது. விழுந்தவர் அதன் வாய்க்கே போவார். ஸ்கி படகில் அது அடியில் ஒளிந்திருக்கிறது. ஆனால் மெதுவாக ஓடும்போது எஞ்சின் புகையின் கார்பன் மோனாக்சைடு பின்புறத்திலேயே தேங்கும். பின்தட்டை ஒட்டிய நீச்சல் மேடையில் யாரையும் உட்கார விடக் கூடாது.

ஏரிக்கும் ஒரு கணக்கு உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணப் படகின் அலை 200 அடி தூரத்தில் இருக்கும் அளவுக்குத் தணிய, வேக்சர்ஃப் அலைக்கு 500 அடிக்கு மேல் தூரம் வேண்டும். கரை அரிக்கும், அங்கே கட்டிய படகுகள் முட்டிக்கொள்ளும். இன்னொன்று, பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் பையின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். ஏரிகளைக் கெடுக்கும் வரிக்குதிரைச் சிப்பியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் அதில் ஏறி அடுத்த ஏரிக்குக் குடிபோகும். படகைக் கரையேற்றும்போது வடிகால் அடைப்பைக் கழற்றி நீரை வடித்துவிட வேண்டும் என்பது மினசோட்டாவில் சட்டம். பைகளை முழுக்க வடித்து, வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே வேறு ஏரியில் இறக்க வேண்டும்.