ஏவுகணை ஷேர் வாங்கலாமா? கீழ்பென்னாத்தூர் டீக்கடையில் வந்த கேள்வி



2025 மே 12, சித்ரா பௌர்ணமி. செஞ்சிப் பக்கமிருந்து திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போற பஸ் எல்லாம் எங்க கீழ்பென்னாத்தூர் வழியாத்தான் போகும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நானும் என் சித்தி பையனும் உட்கார்ந்திருந்தோம். டிவியில, பஞ்சாப் ஹோஷியார்பூர் பக்கம் விழுந்த சீனத் தயாரிப்பு பிஎல்-15 ஏவுகணையோட துண்டுகளை நம்ம விமானப்படை காட்டிக்கிட்டு இருந்தது.

தம்பி மெதுவா ஆரம்பிச்சான். "அண்ணா, நம்ம அஸ்திரா ஏவுகணை செய்யுற கம்பெனியோட ஷேர் மார்க்கெட்ல இருக்காமே? ஒண்ணேமுக்கால் லட்சம் வச்சிருக்கேன். போட்டா ரெண்டு மாசத்துல டபுள் ஆயிடும்ல?"

"எதுக்கு வச்சிருந்த பணம்டா அது?"

"பாப்பாவோட நர்சிங் காலேஜ் ஃபீஸ். ஆகஸ்ட்லதானே கட்டணும்..."

இந்தக் கேள்வி உங்க மனசுலயும் வந்திருக்கும். அதனால அன்னைக்கு அவன்கிட்ட பேசினதை உங்களுக்கும் சொல்றேன்.

100 கி.மீ. போகும்னா, எல்லா நேரமும் போகுமா?

அஸ்திரா, வானத்துல பறக்குற விமானத்துல இருந்து இன்னொரு விமானத்தைத் தாக்குற ஏவுகணை. டிஆர்டிஓ வடிவமைச்சது. தயாரிக்கிறது ஹைதராபாத்ல இருக்குற பாரத் டைனமிக்ஸ், 1970-ல தொடங்கின பொதுத்துறை நிறுவனம். ஒலியைப் போல சுமார் 4.5 மடங்கு வேகம், சுமார் 100 கி.மீ. தூரம்னு சொல்லுவாங்க. கீழ்பென்னாத்தூர்ல இருந்து நேர்க்கோட்டுல அளந்தா, பாண்டிச்சேரி கடற்கரையையே தாண்டிடும்.

ஆனா அந்த 100, எல்லாம் சாதகமா இருக்கும்போது கிடைக்கிற கணக்கு. ரொம்ப உயரத்துல இருந்து விடணும், எதிரி விமானமும் நேரா நம்மளை நோக்கி வரணும். அவன் திரும்பி ஓடினா தூரம் பாதிக்கும் கீழே இறங்கிடலாம். ஏன்னா, ராக்கெட் மோட்டார் சில நொடிதான் எரியும். அதுக்கப்புறம் ஏவுகணை பழைய வேகத்துலயே மிதந்து போகும், ஒவ்வொரு வளைவுலயும் அந்த வேகம் குறையும். எதிரி எப்படித் திரும்பினாலும் தப்பிக்க முடியாத தூரம்னு ஒண்ணு இருக்கு. விமானிக்கு முக்கியமானது அதுதான். நம்ம ரஃபேல்ல இருக்குற ஐரோப்பிய மீட்டியார் ஏவுகணையோட பெருமையே இதுலதான் இருக்கு. அதோட ராம்ஜெட் என்ஜின் கடைசி வரைக்கும் எரிபொருளைக் கட்டுப்படுத்திக் கொடுத்துக்கிட்டே போகும்.

"கடந்த ஒரு வருஷத்துல 80% லாபம்"னு உங்க போனுக்கு வர்ற மெசேஜும் அந்த 100 கி.மீ. மாதிரிதான். எந்த உயரத்துல வாங்கி, எந்த உயரத்துல வித்த கணக்கு அது?

ஏவுகணையை யார் யாருக்கு விற்கலாம்?

இது ஆன்லைன் ஆர்டர் கிடையாது. ஒவ்வொரு விற்பனைக்கும் விக்கிற நாட்டு அரசு அனுமதி கொடுக்கணும். வாங்குற நாடு, மூணாவது ஆளுக்குக் கைமாத்த மாட்டோம்னு எழுதிக் கொடுக்கணும். அவங்க விமானத்தோட ரேடாரும் கம்ப்யூட்டரும் இந்த ஏவுகணையோட பேசணும், அந்த இணைப்பு வேலைக்கே வருஷக்கணக்காகும்.

வெளிநாட்டுக்கு விக்கிற மாடலும் பெரும்பாலும் தனி. பிஎல்-15-ஓட ஏற்றுமதி வடிவத்துக்கு சீனா அறிவிச்ச தூரம் 145 கி.மீ. சீனாவே வச்சிருக்குற மாடல் அதைவிட அதிக தூரம் போகும்னு சொல்றாங்க. விலையும் சாதாரணம் இல்ல. 2025 மே மாசம் சவூதி அரேபியாவுக்கு 1,000 அம்ராம் ஏவுகணை விக்க அமெரிக்க வெளியுறவுத் துறை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு 350 கோடி டாலர். உதிரிபாகம், பயிற்சி எல்லாம் சேர்த்து ஒண்ணுக்குச் சுமார் 35 லட்சம் டாலர்! இதுவும் அனுமதிதான், கைக்கு வந்த பணம் இல்ல.

இந்தியாவும் வளர்ந்திருக்கு. 2013-14-ல 686 கோடி ரூபாயா இருந்த நம்ம பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி, 2024-25-ல 23,622 கோடி. ஆனா இது நாட்டோட மொத்தக் கணக்கு, ஒரு கம்பெனியோட லாபம் இல்ல.

ஆர்டர் வேற, லாபம் வேற

அஸ்திராவுக்காகப் பாதுகாப்பு அமைச்சகம் பாரத் டைனமிக்ஸோட 2,971 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது 2022 மே 31-ல. விமானப்படைக்கான ஏவுகணைகளைக் கொடியசைச்சு அனுப்பினது 2024 ஜனவரியில. நடுவுல ஒன்றரை வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு.

நம்ம ஊர்ல மல்லாட்டை விதைச்ச அன்னைக்கே கமிட்டியில போய்க் காசு கேட்க முடியுமா? இதுவும் அப்படித்தான். ஆனா ஆர்டர் செய்தி வந்த அன்னைக்கே ஷேர் விலை ஏறிடும். நீங்க வாங்குறப்போ, வரப்போற லாபத்துக்கும் சேர்த்தே விலை கொடுக்குறீங்க.

இந்த ஷேரோட கதையையே பாருங்க. 2018 மார்ச் ஐபிஓ விலை 428 ரூபாய். பட்டியலான அன்னைக்குத் தொடங்கினதே 360-ல. 2020 மார்ச்ல 200-க்கும் கீழே போச்சு. 2024 மே-ல ஒரு ஷேர் ரெண்டாப் பிரிஞ்சது. அந்த ஜூலையில 1,700-ஐத் தாண்டி, அடுத்த சில மாசத்துல 1,000-க்குக் கீழ இறங்கி, 2025 மே கடைசியில திரும்பவும் 1,900-ஐத் தாண்டிச்சு.

ஐபிஓ-ல வாங்கி அசையாம இருந்தவருக்குச் சுமார் 9 மடங்கு. உண்மைதான். ஆனா போட்ட பணம் பாதிக்கும் கீழே போன அன்னைக்கு அவருக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி இல்ல. அதனாலதான் அசையாம இருக்க முடிஞ்சது.

தம்பி என்ன செஞ்சான்?

ஷேர் வாங்கல. ஆனா மே கடைசியில போன் பண்ணித் திட்டினான். "உங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க, எவ்வளவு ஏறிடுச்சு!" நான் எதுவும் சொல்லல, ஏறினது உண்மைதானே. ஆகஸ்ட்ல அந்த ஏற்றத்துல பெரும்பகுதி கரைஞ்சு போச்சு. அப்பவும் நான் போன் பண்ணி "பார்த்தியா?"ன்னு கேக்கல. விலை இன்னும் ஏறியிருந்தாலும் என் பதில் அதேதான். பாப்பா ஃபீஸ் கட்டி, இப்போ படிச்சுக்கிட்டு இருக்கா.

நீங்க செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. தேதி குறிச்ச பணம் (ஃபீஸ், கல்யாணம், அட்வான்ஸ்) ஆர்டி, எஃப்டி-யிலதான் இருக்கணும்.
2. 6 மாசச் செலவுக்கான அவசர நிதி கையில இல்லாம தனி ஷேர் பக்கம் போகாதீங்க. பர்சனல் லோன் எடுத்து வாங்கவே வாங்காதீங்க.
3. அப்புறமும் ஆசை இருந்தா, மொத்த முதலீட்டுல 5%-க்குள்ள வச்சுக்கோங்க. இது நான் எனக்குப் போட்டுக்கிட்ட கோடு. ஒரு வருஷத்துக்குள்ள வித்தா லாபத்துல 20% வரி போகும்ங்கிறதையும் கணக்குல வையுங்க.
4. மீதி மாசாமாசம் எஸ்ஐபி-ல போகட்டும். மீட்டியார் மாதிரி, கடைசி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா எரிபொருள்.

நாட்டு மேல பெருமை இருக்கட்டும், எனக்கும் இருக்கு. ஆனா தங்கச்சி ஃபீஸை வச்சு அந்தப் பெருமையைக் காட்ட வேணாம்.

(இந்தப் பதிவு புரிதலுக்கு மட்டும்தான். எந்த ஷேரையும் வாங்கவோ விக்கவோ பரிந்துரை இல்ல.) ஆர்டர் புக்கை எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோவுல பார்க்கலாம். அதுவரைக்கும், உங்க கையில இருக்குற பணத்துல எதுக்கெல்லாம் தேதி இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி வையுங்க.